ஐந்தாவது நிரல்

2025 மார்ச் 4ஆம் திகதி காலை கணக்காளர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் குறுஞ்செய்தி அனுப்புகிறவர், அழைக்கிறவர் அல்ல. யாரோ மோசம் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

“மச்சான், கேள்விப்பட்டனியே? பேர்பனைத் தட்டிலையிருந்து தூக்கிறாங்கள்.”

அமெரிக்கா கனடாப் பொருள்களுக்கு விதித்த வரிக்குப் பதிலடியாக, ஒன்ராறியோ அரசு தன்னுடைய மதுக்கடைகளிலிருந்து அமெரிக்கக் குடிவகைகள் எல்லாவற்றையும் அகற்றிய நாள் அது. கணக்காளர் ஸ்கொட்ச் கட்சி. பேர்பனை ‘சோளப்பாணி’ என்று பதினொரு வருடமாகப் பழித்து வந்தவர். அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குரல் இறங்கிக் கிடந்தது. எதிர்க்கட்சி முழுவதும் ஒரே இரவில் ராஜினாமா செய்துவிட்டால் ஆளும் கட்சிக்காரர் யாரைத் திட்டிப் பேசுவார்?

அன்று பின்னேரம் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்கொட்ச் தட்டு வழக்கம்போல நிறைந்திருந்தது. அதற்கு அடுத்த தட்டுகள் வெறுமையாக இருந்தன. தூசியில் போத்தல்களின் அடிவட்டங்கள் மட்டும் தெரிந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது விஸ்கி அல்ல, அண்ணைதான். அவர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். அவர் குடியை விட்டு அப்போது ஆறு வருடமாகியிருந்தது.

*

எங்கள் கூட்டம் 2014இன் பனிக்காலத்தில் தொடங்கியது. ரொறன்ரோத் தமிழர் கலியாணங்களில் மண்டபத்துக்குள் ஒரு விழா நடக்கும்; கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு விழா நடக்கும். இரண்டாவது விழாவுக்கு மணவறை யாராவது ஒருவருடைய கார் டிக்கி. அதற்குள் ஒரு ஜோனி வோக்கர் பிளக் லேபிள், பிளாஸ்டிக் கோப்பைகள், ஒரு பெரிய கோக் போத்தல், மிக்ஸர் பை. அன்று குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து. நாலு பேர் கையை உரசிக்கொண்டு நின்றோம். கணக்காளர் கோக் ஊற்றப் போனபோது அண்ணை தன்னுடைய கோப்பையைக் கையால் மூடினார். பிறகு அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“இதுக்குள்ளை ஆரோ விறகு எரிச்சிருக்கினம்,” என்றார்.

நாங்கள் சிரித்தோம். பல்வைத்தியர் சிரித்துவிட்டு விடுகிற ஆள் அல்ல. வீட்டுக்குப் போய் வாசித்துப் பார்த்திருக்கிறார். பிளக் லேபிள் பல வடிசாலைகளின் விஸ்கிகளைக் கலந்து செய்வது. அதில் புகையேறிய மோல்ற் விஸ்கிகளும் சேர்கின்றன என்று அடுத்த கிழமை சொன்னார். இருபத்தைந்து வருடமாக நாங்கள் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் கோக் விட்டுக் குடித்த சாமானுக்குள் புகை இருந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பஸ் ஓட்டுகிற அண்ணைக்குத் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு செய்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை இரவு, யாராவது ஒருவருடைய நிலவறையில் கூடுவது. இரண்டு போத்தல்: ஒன்று பேர்பன், மற்றது ஸ்கொட்ச். கோக் இல்லை. பல்வைத்தியர் பேர்பன் கட்சி. கணக்காளர் ஸ்கொட்ச். நான் போகிற பக்கம் போகிறவன். அண்ணை எந்தக் கட்சியிலும் சேரவில்லை. “ரெண்டும் பிள்ளையள்தானே,” என்பார்.

எழுத்திலேயே சண்டை தொடங்கிவிடும். ஸ்கொட்லாந்துக்காரர் விஸ்கியை எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்துக் குறைவு. அமெரிக்கர் பெரும்பாலும் ஒன்றைக் கூட்டி எழுதுவார்கள். இந்த ஓரெழுத்துக்காகக் கணக்காளரும் பல்வைத்தியரும் ஒரு மணித்தியாலம் வாதாடியிருக்கிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் விஸ்கிதான் என்று அண்ணை வழக்கை முடித்து வைத்தார்.

சட்டமும் இரண்டு விதம். பேர்பன் என்று பெயர் போட வேண்டுமென்றால் தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கரியாகும்வரை எரித்த புதிய ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும். நிறமோ சுவையோ தனியாகச் சேர்க்கக் கூடாது. அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் செய்யலாம். கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. அது அமெரிக்காவுக்கே உரிய சரக்கு என்று 1964இல் அவர்களுடைய காங்கிரஸ் தீர்மானம் போட்டது. ஸ்கொட்ச் என்றால் ஸ்கொட்லாந்தில் வடித்து, ஸ்கொட்லாந்திலேயே குறைந்தது மூன்று வருடம் ஓக் பீப்பாவில் கிடக்க வேண்டும். பீப்பா பழையதாக இருக்கலாம். கருக்கிய சீனியால் நிறம் கூட்டலாம். ஒரே வடிசாலையில், முளைக்கவைத்த பார்லியை மட்டும் கொண்டு, செப்புப் பானையில் வடித்தால் அது சிங்கிள் மோல்ற்.

இதில் எனக்குப் பிடித்தது பீப்பாவின் கதை. பேர்பனுக்குப் புதிய கலம் வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒருமுறை பாவித்த பீப்பாவில் அவர்கள் இரண்டாம் முறை பேர்பன் ஊற்ற முடியாது. அந்தக் காலிப் பீப்பாக்கள் கப்பலேறி ஸ்கொட்லாந்துக்குப் போகின்றன. இன்று ஸ்கொட்ச்சின் பெரும்பகுதி அமெரிக்கன் கழித்துவிட்ட பீப்பாவுக்குள்தான் வளர்கிறது. கென்டக்கிச் சூட்டில் நாலைந்து வருடம் வேலைசெய்துவிட்டு, குளிர்நாட்டில் பன்னிரண்டு வருடமும் பதினாறு வருடமும் இரண்டாவது வாழ்க்கை. “எங்களைப் போலை,” என்று பல்வைத்தியர் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை மட்டும், “எங்களை ஆர் எரிச்சுப்போட்டு அனுப்பினவை?” என்று கேட்டார். பிறகு அவரே பேச்சை மாற்றினார்.

*

அண்ணைதான் கொப்பி எழுதினார். கோடு போட்டு நாலு நிரல்: நிறம், மணம், சுவை, இறங்கின பிறகு. நாங்கள் முதலில் போத்தலில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்னோம். ஹெதர் பூ, டொஃபி, பேரிக்காய், கிறிஸ்மஸ் கேக். ஹெதர் பூவை எங்களில் ஒருவரும் வாழ்நாளில் கண்டதில்லை. ஐலாத் தீவின் லஃப்ரோய்க்கைத் திறந்த அன்று கணக்காளர் ‘கடற்பாசி, அயடின், பீட்’ என்று மனப்பாடமாகச் சொன்னார். பீட் என்பது சதுப்புநிலத்தில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான வருடம் மக்கி இறுகிய மண். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள். அண்ணை எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மணந்துவிட்டுக் கொப்பியில் எழுதினார்: ‘பெரியாஸ்பத்திரி. சத்திரசிகிச்சை வார்ட்டு. யன்னலுக்கு வெளியிலை ஆரோ குப்பை கொளுத்துகினம்.’

அந்த நிமிடம் எங்களுக்கு மூக்குத் திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகு நாங்கள் எங்களுடைய பெயர்களை வைத்தோம். மேக்கர்ஸ் மார்க்கில் மற்றப் பேர்பன்களில் சேர்க்கும் றை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை சேர்க்கிறார்கள். அதனால் காரம் குறைவு. அண்ணை எழுதியது: ‘பனங்கட்டி உருகேக்கை. அடிப்பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னம்.’ வைல்ட் டேர்க்கி 101 மதுசாரம் 50.5 வீதம்: ‘கறுவா, மிளகு. மாமியார்.’ கிளென்ஃபிடிக் 12: ‘காய்க்கொய்யா.’ பிளக் லேபிளுக்கு ஒரே சொல்: ‘டிக்கி.’

இந்தச் சொற்கள் எனக்குத் தந்த சந்தோஷத்தை மறைக்கத் தேவையில்லை. நான் வளர்ந்த வீட்டில் மதுவைப் பற்றி ஒரே ஒரு சொல்தான் இருந்தது: குடி. அந்தச் சொல்லைச் சம்பாதித்துத் தந்தவர் என்னுடைய சித்தப்பா. கரவெட்டியில் அவர் தவறணைக்குப் போகாத நாள் இல்லை. பத்து வயதில் அவரைக் கூட்டிவர என்னை அனுப்புவார்கள். நான் படலையடியில் நிற்பேன். அவர் வாங்கில் இருந்து, பிளாவை இரண்டு கையாலும் பிடித்து, வாய் வைக்க முதல் கண்ணை மூடுவார். ஒருநாள், “இது தனிப்பனைக் கள்ளு இல்லை; கலந்திருக்கிறான்,” என்று சத்தம் போட்டார். ஒரே பனையில் இறக்கியதுதான் தனிப்பனை. பல மரத்தைச் சேர்த்து ஊற்றினால் அவருக்குத் தெரிந்துவிடும். சீவினவனும் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். பேர்பன்காரர் ‘ஒரே பீப்பா’ என்று விலை கூட்டி விற்கிற சங்கதியை என்னுடைய சித்தப்பா நாக்கால் அறிந்திருந்தார்.

வீட்டில் அதை ஒருவரும் கேட்டதில்லை. வீட்டுக்கு அவர் குடிகாரன். வேலை போனது. காணி போனது. நாற்பத்தெட்டு வயதில் அவரும் போனார். சித்தி அதன் பிறகு இருபது வருடம் தையல் மெசினோடு இருந்தா. ஸ்காபரோ நிலவறையில் நாங்கள் கண்ணாடிக் குவளையைச் சுழற்றிச் சுழற்றி மணந்துகொண்டிருந்தபோது எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. நாங்கள் சித்தப்பா மாதிரி இல்லை. நாங்கள் ருசி பார்க்கிறோம்.

*

2016 நத்தார் விடுமுறையில் பல்வைத்தியர் ஒரு பரீட்சை வைத்தார். ஆறு குவளை. மூன்று பேர்பன், மூன்று ஸ்கொட்ச். எது எதுவென்று தெரியாது. குவளையின் அடியில் இலக்கம் மட்டும். ஊற்றியதும் நடுவராக இருந்ததும் அவருடைய மகள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கதைக்கிற பிள்ளை.

லகவூலினை எல்லோரும் பிடித்துவிட்டோம். அந்தப் புகையை மறைக்க முடியாது. மற்ற ஐந்திலும் நாங்கள் சறுக்கினோம். பல்வைத்தியர் கிளென்ஃபிடிக்கைப் பஃபலோ ட்ரேஸ் என்று எழுதியிருந்தார். பேர்பன் பீப்பாவின் வனிலா மணம் இரண்டிலும் இருக்கிறது என்று பிறகு சாக்குச் சொன்னார். கணக்காளர் நாலாம் இலக்கக் குவளைக்கு முதலிடம் கொடுத்து, ‘ஷெரிப் பீப்பாவில் நீண்டகாலம் ஊறிய உயர்ந்த ஸ்கொட்ச்’ என்று குறிப்பும் எழுதியிருந்தார். மகள் அடியைத் திருப்பிக் காட்டினாள். மேக்கர்ஸ் மார்க். கணக்காளர் குவளையை மூன்றுமுறை வாங்கி மணந்தார். பிறகு மனைவியிடம் ஏதோ கேட்க வேண்டுமென்று மேலே போய்விட்டார்.

அண்ணை ஆறும் சரி.

மகள் அவருடைய கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மெதுவாக. மாமியார் என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

“பெரியப்பா, இதிலை ஒரு கொலம் இல்லை.”

“என்ன கொலம்?”

“எவ்வளவு குடிச்சனீங்கள் எண்டு.”

எல்லோரும் சிரித்தோம். ஆகச் சத்தமாகச் சிரித்தவர் அண்ணை. “அது பிள்ளை, வீட்டுக்காரி எழுதுற கொலம்,” என்றார்.

*

2017 ஒக்ரோபரில் நாலு பேரும் கென்டக்கிக்குப் போனோம். ரொறன்ரோவிலிருந்து லூயிவில் கிட்டத்தட்டப் பத்து மணித்தியால ஓட்டம். அண்ணைதான் முழுவதும் ஓட்டினார். இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவரிடம் ஸ்டியரிங்கை யார் கேட்பது? வழியில் அவர் ஒரு துளியும் தொடவில்லை. அதில் அவர் கண்டிப்பு. வேலை இருந்தவரை அந்தக் கண்டிப்பு அவரைக் காத்தது என்று இப்போது விளங்குகிறது.

லொரெட்டோவில் மேக்கர்ஸ் மார்க் போத்தலின் கழுத்தை நாங்களே சிவப்பு மெழுகில் தோய்த்து எடுத்தோம். பார்ட்ஸ்டவுன் பக்கம் களஞ்சியங்கள் மலை மலையாக நின்றன. உள்ளே கால் வைத்ததும் ஒரு மணம் வந்தது. ஓக், வனிலா, ஈரமண், அதற்கு மேலே மெல்லிய சாராயம். பீப்பாவுக்குள் இருக்கும் மது ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஆவியாகி மரத்துக்குள்ளால் வெளியேறும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்கொட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 வீதம். கென்டக்கியில் சூடு கூட என்பதால் பங்கும் கூட. அதனால்தான் பேர்பன் சீக்கிரம் முதிர்கிறது. மரத்தை வேகமாக உறிஞ்சுகிறது. இருபது வருடம் விட்டால் பல பீப்பாக்களில் கைப்பு மிஞ்சிவிடும். ஸ்கொட்ச் அந்த வயதில்தான் பல நேரம் நிதானத்துக்கு வருகிறது. வயதைப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுவது பிழை என்பதை அங்கேதான் விளங்கிக்கொண்டோம்.

வெளியே வந்தபோது அண்ணை களஞ்சியச் சுவரைக் காட்டினார். சுவர் கறுப்பு. பக்கத்து மரங்களின் தண்டும் கறுப்பு. தீப்பிடித்த இடம் போல இருந்தது. அது ஒரு பூஞ்சணம். ஆவியாகிப் போகிற மதுசாரத்தில் செழித்து வளர்வது. எங்கள் ஒன்ராறியோவிலேயே, விண்ட்சருக்குப் பக்கத்து லேக்‌ஷோரில், விஸ்கிக் களஞ்சியத்தைச் சுற்றி இந்தக் கறுப்பு படர்ந்திருந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்காட் அதை ஆராய்ந்தார். அவரும் கூட்டாளிகளும் 2007இல் அதற்குப் போதோய்னியா என்று பேரினப் பெயர் வைத்தார்கள். பல்வைத்தியர் இதைச் சொல்லிக்கொண்டிருக்க அண்ணை விரலால் சுவரைத் தொட்டு, கறுப்பைப் பார்த்து, கால்சட்டையில் துடைத்தார்.

திரும்பும்போது எல்லையில் ஆளுக்கு 1.14 லீற்றர் என்ற கணக்குக்குள் ஆளுக்கொரு போத்தல் கொண்டுவந்தோம். அடுத்த கூட்டத்துக்கு அண்ணை தான் மெழுகில் தோய்த்த போத்தலைக் கொண்டுவந்தார். மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது.

“கழுத்தை உடைச்சுக் கொஞ்ச நாள் வைக்கவேணும். காத்துப் பட்டால்தான் திறந்து வரும்,” என்றார்.

இது விஸ்கி பிரியர்கள் பலர் சொல்கிற விடயந்தான். புதிதாகத் திறந்த போத்தல் இறுக்கமாக இருக்கும். அளவு குறைந்து காற்று சேரச் சேர மணம் விரியும் என்பார்கள். நாங்கள் தலையாட்டினோம். அதன் பிறகு அவர் கொண்டுவந்த போத்தல் எல்லாம் கழுத்து உடைந்தவைதான். முதலில் மூன்றில் ஒன்று. பிறகு பாதி. அவர் 2018 வசந்தத்தில் ஓய்வு பெற்றார். அந்த வருடக் கடைசியில் ஒரு போத்தலில் நாலு விரல் அளவுதான் மிச்சம் இருந்தது. “இப்பதான் இது பதத்துக்கு வந்திருக்கு,” என்றார். கணக்காளர் அதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளச் சொன்னார். நான் அதே வசனத்தை ஒரு கலியாணத்தில் வேறு ஆட்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய சொந்த அனுபவம் போல.

*

2019 மாசி மாதம் அண்ணையின் மனைவி எனக்கு அழைத்தா. அக்கா ஒருநாளும் அழைக்கிறதில்லை.

“தம்பி, ஒண்டு கேக்கட்டே? உங்கடை கூட்டம் கிழமைக்கு எத்தினை தரம்?”

“கிழமைக்கோ? ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அக்கா.”

மறுமுனையில் சத்தமில்லை. பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சரி தம்பி,” என்று வைத்துவிட்டா.

தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாச் சனிக்கிழமையும் அவர் எங்களிடம் வந்திருக்கிறார். வராத சனிக்கிழமைகளிலும். நாங்கள் தெரியாமலே அவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் போனேன். அண்ணை மேலே நித்திரை. மத்தியானம் பன்னிரண்டரை. அக்கா குசினி மேசையில் ஒரு பழைய பால்மா டின்னைக் கொண்டுவந்து வைத்தா. ஒன்ராறியோவில் காலி மதுப்போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் முற்பணம் திரும்பக் கிடைக்கும். பெரிய போத்தலுக்கு 20 சதம். கார் நிறுத்துமிடத்துக் கதவுக்குப் பின்னால், உடுப்பு அலமாரிக்குள், பனி தள்ளுகிற மெசினுக்கு அடியில் கண்டெடுத்த போத்தல்களை அவ மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறா. வந்த காசில் ஒரு சதமும் எடுக்கவில்லை. ஒவ்வொரு மாதத்துக் காசையும் ஒரு துண்டுக் கடதாசியில் சுற்றி, மேலே எழுதி வைத்திருந்தா. ஐப்பசி 2.20. கார்த்திகை 2.60. மார்கழி 3.40. தை 2.80.

நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். தை மாதத்தில் பதினாலு போத்தல்.

“நீங்கள் எல்லாரும் படிச்ச ஆக்கள்,” என்றா. குரலில் கோபம் இல்லை. “மணந்து பாத்தே எந்த ஊர், எத்தினை வருசமெண்டு சொல்லுறியளாம். அவர் பெருமையாச் சொல்லுவார். இது உங்களுக்கு மணக்கேல்லையே தம்பி?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சரியான பதில் கிடைக்கவும் இல்லை. மணத்ததுதான். ஆனால் அந்த மணத்துக்கு விளக்கம் கேட்கத் தேவையில்லாத ஒரே இடம் எங்கள் நிலவறை. அவர் எங்களிடம் வந்தது அதற்காகவும் இருக்கலாம்.

*

அண்ணையைச் சம்மதிக்க வைக்க ஆறு கிழமை எடுத்தது. செய்தது அக்காவும் பிள்ளைகளும். நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இதில் ஒன்றை மட்டும் சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நிறையக் குடிக்கிற ஒருவர் ‘இண்டையோடை சரி’ என்று தானாக நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். எங்கள் ஆட்கள் வெட்கத்தில் வைத்தியருக்கு உண்மை சொல்வதில்லை. ‘எப்பவாவது, கலியாணம் காட்சிக்கு’ என்பார்கள். அண்ணையும் அப்படித்தான் பல வருடம் சொல்லியிருக்கிறார். அந்த முறை அக்கா டின்னையும் கையோடு கொண்டுபோனா.

நாங்கள் மூன்று பேரும் ஒருமுறை கூடினோம். போத்தல் திறக்கவில்லை. கணக்காளர் சொன்னார்: “எங்களோடை அவர் குடிச்சது கொஞ்சம்தானே. கணக்குப்படி எங்களிலை பிழையில்லை.” கணக்குப்படி அது சரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு நாலைந்து சிறு வாய். பல்வைத்தியர் ஒன்றும் பேசாமல் அண்ணையின் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாலு நிரல். ஐந்து வருடம். அழகான கையெழுத்து.

நான் சித்தப்பாவை நினைத்தேன். அவருக்கு வீடு கொடுத்தது ஒரே சொல். அந்தச் சொல் உண்மை; ஆனால் அவருடைய நாக்கை அது மறைத்துவிட்டது. அண்ணைக்கு நாங்கள் நூறு சொல் கொடுத்தோம். அவையும் உண்மை; அவை அவருடைய குடியை மறைத்துவிட்டன. தவறணை வாங்கில் இருந்தவருக்கும் நிலவறைச் சோபாவில் இருந்தவருக்கும் இடையில் நான் போட்டு வைத்திருந்த வேலி அன்றைக்குச் சரிந்தது. ருசி தெரிந்தவன் குடிகாரனாக மாட்டான் என்பதில்லை. குடிகாரனுக்கு ருசி தெரியாது என்பதும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல எங்கள் வீடுகளில் ஆள் இருந்திருந்தால், படலையடியில் நின்ற பொடியன் வேறு மாதிரி வளர்ந்திருப்பானோ தெரியாது.

*

பிறகு பெருந்தொற்று வந்தது. கூட்டம் தானாக நின்றது. 2022இல் மறுபடி தொடங்கியபோது இரண்டு விதி சேர்த்தோம். முதலாவது, மூடி உடைக்காத போத்தல் மட்டும். எல்லோருக்கும் முன்னால்தான் திறக்க வேண்டும். இரண்டாவது, கொப்பியில் ஐந்தாவது நிரல் ஒன்று கீறினோம். அளவு. மில்லிலீற்றரில். பல்வைத்தியரின் மகள் வருகிற நாள்களில் அவள்தான் அளந்து ஊற்றுவாள். முப்பதுக்கு மேலே ஒரு துளி போகாது.

சண்டை பழையபடி நடக்கிறது. லகவூலின் பெரிதா, வைல்ட் டேர்க்கி பெரிதா என்று இரண்டு மணித்தியாலம் பேசலாம். அதற்கு ஆளுக்கு அறுபது மில்லிலீற்றர் தாராளம். பேர்பன் தட்டிலிருந்து போன பிறகு கணக்காளர் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டார். அவர் வீட்டில் மூன்று மேக்கர்ஸ் மார்க் இருக்கிறது. அந்தப் பரீட்சைக்குப் பிறகு ரகசியமாக வாங்கத் தொடங்கியவராம்.

அண்ணையை நாங்கள் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. மணந்து பார்க்கிறதுதானே, அதில் என்ன என்று கணக்காளர் ஒருமுறை கேட்டார். அது அவருக்கு ‘தானே’ இல்லை. வேறு சனிக்கிழமைகளில் நாங்கள் அவர் வீட்டுக்குப் போகிறோம். அக்கா தேத்தண்ணி போடுவா. மார்ச் மாதக் கடைசியில் போனபோது கடைத்தட்டின் கதையைச் சொன்னேன். வெறும் தட்டு, தூசியில் வட்டங்கள், எல்லாம்.

அவர் நெடுநேரம் சிரித்தார்.

“பேர்பனைத் தட்டிலையிருந்து எடுக்கலாம் தம்பி. ஸ்கொட்ச்சுக்குள்ளை இருக்கிற பேர்பனை என்னெண்டு எடுக்கிறது? பீப்பா அவங்கடையெல்லோ.”

சொல்லிவிட்டுக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். பிளேன் ரீ. “அக்கா இண்டைக்குத் தூளை மாத்திப்போட்டா. இது நுவரெலியா இல்லை. கீழ்நாட்டுத் தேயிலை,” என்றார். அடுப்படியில் நின்ற அக்கா திரும்பிப் பார்க்காமலே, “தொடங்கிட்டார்,” என்றா.

பால்மா டின் அடுப்புக்கு மேல்தட்டில் இருந்தது. அதற்குள் இப்போது என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.